கராஜில் 4 வருட அனுபவம் உண்டு, சான்றிதழ் இல்லை

கராஜில் 4 வருடம் வேலை செய்தும் சான்றிதழ் இல்லை, மூன்று கம்பனிகள் வேலை தராமல் திருப்பி அனுப்பிவிட்டன, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காக முதலில் இருந்து கோர்ஸ் படிக்கத் தேவையில்லை, தம்பி. சுன்னாகம் கராஜில் செய்த 4 வருட வேலையையே காட்டி, முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். யாழ்ப்பாணத்தில் நைற்றா (அரசின் தொழிற்பயிற்சி அதிகார சபை) அலுவலகத்தில் கேளுங்கள். மதிப்பீட்டாளர் முன்னால் கையால் செய்து காட்ட வேண்டும், கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று கம்பனிகள் திருப்பி அனுப்பியது உங்கள் திறமைக் குறைவால் இருக்காது. அநேகமாக, வேலை செய்ததற்கு எழுத்தில் ஒன்றும் இல்லாததுதான் காரணம். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பொடியள் இப்படித்தான் தொழில் பழகுகிறார்கள். சம்பளம் கையில், பதிவு எங்கும் இல்லை. எனக்கு இது பெரிய கவலை.

சரி, இன்றைக்கே ஒன்றைப் பாருங்கள்: முதலாளி உங்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டினாரா? கட்டியிருந்தால் அதுவே அனுபவத்துக்கு நல்ல சாட்சி. இல்லாவிட்டால் திகதி போட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். இயந்திரம் கழற்றிப் பூட்டும்போது எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள், கிறீஸ் கையோடு எடுத்ததென்றாலும் பரவாயில்லை.

ஒன்று மட்டும்: பிரேக், என்ஜின் மட்டும் பழகி, மின்சுற்று வேலை தொடாமல் இருந்தால் அந்தப் பகுதியில் தேறாமல் போகலாம். அப்படியென்றால் விண்ணப்பிக்க முதல் அதைக் கொஞ்ச நாள் பழகுங்கள்.