கோழியைக் குற்றம் சொல்லாதீர்கள்: ஹார்மோன் சந்தேகங்களுக்கு மருத்துவர் பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வயது குறிப்பிடப்படவில்லை. கர்ப்பிணிகள் பலர் எத்தனையாவது வாரம் என்று சொல்லவில்லை. செய்யும் தொழிலை எழுதியவர் ஒரே ஒருவர்தான். ஹார்மோன் செயல்பாட்டைக் குலைக்கும் வேதிப்பொருள்களைப் பொறுத்தவரை, எது, எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். அதை விட்டுவிட்டுக் கேட்டால் பதிலும் அரைகுறையாகவே அமையும்.

வேளச்சேரி வாசகர்: வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கர்ப்பிணிக்கு ஆகுமா?

கேனின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் பிளாஸ்டிக். அதன் தயாரிப்பில் பிபிஏ (பிஸ்பினால் ஏ) என்னும் ஹார்மோன் குலைப்பான் சேர்வதில்லை. 7 என்று இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். அது பழசாகி, கீறல் விழுந்து, வெயிலிலும் காய்ந்தால் பிபிஏ சிறிதளவு நீரில் இறங்கும். சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கி வைத்த கேனை வாங்காதீர்கள். வாங்கிய நீரை எவர்சில்வர் குடத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடுங்கள். ஆனால் கேனைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்கள், கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரையும் எண்ணெய் மிதக்கும் சால்னாவையும் கவரில் கட்டி வாங்கி வருவதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. சூடும் எண்ணெயும் பிளாஸ்டிக்கும் ஓரிடத்தில் சேரக் கூடாது என்று பலமுறை எழுதிவிட்டேன். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது; தூக்குவாளிக்கு எந்தத் தடையும் இல்லை.

அம்பத்தூர் வாசகி: பல்பொருள் அங்காடியில் பில் போடுகிறேன். எட்டு வாரக் கர்ப்பம். பில் காகிதத்தைத் தொடுவது ஆபத்தா?

தொழிலையும் வாரத்தையும் எழுதிய அந்த ஒருவர் நீங்கள்தான், நன்றி. சூட்டினால் எழுத்து விழும் அந்தக் காகிதத்தின் பூச்சில் பிபிஏ அல்லது அதன் பங்காளியான பிபிஎஸ் இருக்கலாம். அது விரலில் ஒட்டித் தோல் வழியே சிறிதளவு உள்ளே போகும். சானிடைசர் பூசிய ஈரக் கையால் தொட்டால் உள்ளே போகும் அளவு பல மடங்கு கூடுகிறது. ஆகவே பில் தொடும் கைக்குச் சானிடைசர் வேண்டாம், கையுறை போடுங்கள், உணவில் கை வைக்குமுன் சோப்பு போட்டுக் கழுவுங்கள்; வேலையை விட வேண்டியதில்லை. இதைவிட முக்கியமாக, ஏறத்தாழ 8 முதல் 14 வாரம் வரை ஆண் கருவின் பிறப்புறுப்புகள் டெஸ்டோஸ்டிரோனை நம்பி உருப்பெறுகின்றன. வினைல் பொருள்களை நெகிழ்வாக்கச் சேர்க்கும் தாலேட்டு என்னும் வேதிப்பொருள்களில் சில அந்த ஹார்மோன் சுரப்பதையே குறைக்கக்கூடியவை. வாசனைத் தெளிப்பான்களிலும் நகப்பூச்சுகளிலும் வேறு வகைத் தாலேட்டுகள் இருப்பதுண்டு என்பதால், இந்த மாதங்களில் அவற்றையும் ஒதுக்கி வையுங்கள். அதே வாரங்களில் கருவின் மூளை முழுக்க முழுக்கத் தாயின் தைராய்டு ஹார்மோனைச் சார்ந்திருக்கிறது. தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டீர்களா?

மயிலாப்பூர் வாசகி: கரு தங்குவதற்குப் புரோஜெஸ்டிரோன் கொடுத்திருக்கிறார்கள். பிற்காலத்தில் குழந்தையைப் பாதிக்கும் என்கிறார் மாமியார்.

மாமியாரின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1938இல் உருவாக்கப்பட்ட டிஇஎஸ் என்னும் செயற்கை ஈஸ்ட்ரோஜனை, கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, அமெரிக்காவில் லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அதனால் பயனில்லை என்று 1953இலேயே ஆய்வில் தெரிந்தும் கொடுப்பதை நிறுத்தவில்லை. மகள்கள் வளர்ந்து பருவமெய்திய பின்னரே, அவர்களில் சிலருக்கு அரிய வகை யோனிப் புற்றுநோய் வருவதை 1971இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். உங்களுக்குக் கொடுத்திருக்கும் புரோஜெஸ்டிரோன் கர்ப்பத்தில் உடல் தானே சுரக்கும் ஹார்மோன். டிஇஎஸ்ஸோடு அதற்கு உறவில்லை. எதற்காக, எத்தனை வாரம் வரை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெரம்பூர் வாசகி: மகளுக்கு இப்போது ஏழு வயது எட்டு மாதம். ஆறு மாதத்துக்கு முன் மார்பு வளரத் தொடங்கியது. பிராய்லர் கோழிக்குப் போடும் ஹார்மோன் ஊசிதான் காரணம் என்றார்கள். அன்று முதல் கோழி வாங்குவதில்லை. ஆனாலும் வளர்ச்சி நிற்கவில்லையே?

காரணம் கோழி இல்லை, ஆகவே நிற்கவில்லை. மருத்துவரிடம் போயிருக்க வேண்டிய ஆறு மாதத்தைக் கறிக்கடையோடு கோபித்துக்கொண்டு கழித்துவிட்டீர்கள்.

இந்த ஊசிக் கதையை முப்பது ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். பிராய்லருக்கு யாரும் ஹார்மோன் போடுவதில்லை. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் குடலிலேயே செரித்துவிடும். ஊசியாகப் போடுவதென்றால் கொட்டகையில் இருக்கும் ஆயிரக்கணக்கான கோழிகளையும் நாள்தோறும் பலமுறை பிடித்துப் போட வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் பார்க்கும் எந்தப் பண்ணைக்காரரும் அந்த வேலையில் இறங்க மாட்டார். பண்ணையில் ஊசியைக் கண்ணாரக் கண்டதாக எழுதுபவர்கள் கண்டது தடுப்பூசி. நாற்பது நாளில் இரண்டு கிலோ எப்படி என்று கேட்பீர்கள். வேகமாக வளரும் கோழிகளையே பல தலைமுறைகளாகத் தேர்ந்து இனம் பெருக்கியதன் விளைவு அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டின் இனத்தையும் 2005ஆம் ஆண்டின் இனத்தையும் ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் ஒரு கிலோவைக்கூட எட்டவில்லை, புதிய இனமோ நான்கு கிலோவைத் தாண்டியது.

வதந்திக்கு ஒரு வேரும் இருக்கிறது. மேலே சொன்ன அதே டிஇஎஸ்ஸை அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு காலத்தில் கோழியின் கழுத்தில் வில்லையாகப் பதித்தார்கள். 1959இல் அது அங்கே தடை செய்யப்பட்டது. பிராய்லரைக் குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால், வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கப்படும் ஆன்டிபயாட்டிக்குகளைச் சொல்லுங்கள். கடைசி ஆயுதமாக நாங்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தரக் கூடாது என்று 2019இல் இந்தியாவில் தடை விதிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. அதை வாட்ஸ்அப்பில் யாரும் அனுப்பக் காணோம்.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். ஹார்மோன் குலைப்பான்களுக்கும் முன்கூட்டிய பூப்புக்கும் தொடர்பிருக்கலாம் என்று ஆய்வுகள் சுட்டுகின்றன. இந்தக் குழந்தைக்கு இந்தப் பொருளால் வந்தது என்று எவராலும் கைநீட்டிச் சொல்ல முடியாது. அதைவிடத் தெளிவான காரணம் உடல் எடை. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின், பருவத்தைத் தொடங்கலாம் என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. எதுவானாலும், எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ந்தால் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். இடது மணிக்கட்டு எக்ஸ்ரே, பருவத்தைத் தூண்டும் எல்எச் ஹார்மோன், தைராய்டு, தேவைப்பட்டால் மூளைக்கு எம்ஆர்ஐ பார்ப்பார்கள். பருவம் உண்மையிலேயே தொடங்கியிருந்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரம் மூடிக்கொள்ளும், உயரம் குறையும். அதைத் தள்ளிப்போட ஊசி மருந்து இருக்கிறது. இந்த வாரமே போங்கள். கோழியை வீட்டில் சமைத்துக் கொடுக்கலாம். பிளாஸ்டிக் டப்பாவில் சுடச்சுட வரும் பிரியாணியை விட அது எவ்வளவோ மேல்.

தாம்பரம் வாசகர்: என் விந்தணு கவுன்ட் 12. பிளாஸ்டிக்தான் காரணமா?

12 என்றால் எது? மில்லி லிட்டருக்கு 12 மில்லியனா, மொத்தமே 12 மில்லியனா? எத்தனை நாள் இடைவெளிக்குப் பின் கொடுத்த மாதிரி? உங்கள் வயது என்ன, வேலை என்ன? உலக அளவில் 1973 முதல் 2018 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது விந்தணுச் செறிவு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது உண்மை. உங்கள் ஒருவரின் அறிக்கைக்கு அது காரணம் சொல்லாது. மில்லி லிட்டருக்கு 16 மில்லியன் என்பதே இப்போதைய கீழ் வரம்பு. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது என்பதால், புகையை நிறுத்தி, மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். விரைநாளப் புடைப்பு இருக்கிறதா என்று நேரில் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தொழிலை ஏன் கேட்கிறேன் என்றால், கலிபோர்னியாவின் ஒரு பூச்சிக்கொல்லி ஆலையில் தொழிலாளர் பலர் தங்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லாததைத் தங்களுக்குள் பேசிக்கொண்ட பிறகே, டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி விந்தணுவை அழிக்கிறது என்பது 1977இல் வெளிப்பட்டது.

கொடுங்கையூர் வாசகி: குப்பைக் கிடங்குப் புகை வீட்டுக்குள் வருகிறது. தாய்ப்பாலை நிறுத்திவிடலாமா?

நிறுத்தவே கூடாது. குப்பை எரியும்போது உண்டாகும் டயாக்சின் என்னும் நச்சு கொழுப்பில் சேர்ந்து பாலில் வருவது உண்மை. பெருங்குடிக் கிடங்கின் அருகே வாழ்ந்த தாய்மாரின் பாலில் அது கூடுதலாக இருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது, அப்பகுதி மாட்டுப்பால் வழியாக வந்திருக்கலாம் என்றும் சொன்னது. அப்படியிருந்தும் தாய்ப்பாலின் நன்மையே மேலோங்கி நிற்கிறது. குப்பையில் மேயும் மாட்டின் பாலை வாங்காதீர்கள். போகியன்று தெருவில் டயர் கொளுத்துபவர்களைத் தடுங்கள், முடியாவிட்டால் அன்று காலை குழந்தையோடு வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள்.

அண்ணா நகர் வாசகர்: உடலில் சேர்ந்த பிளாஸ்டிக் நஞ்சை வெளியேற்ற எந்தச் சாறு குடிக்கலாம்?

பிபிஏ ஓரிரு நாளில் சிறுநீரோடு தானாகவே போய்விடும்; டிடிடி என்னும் பூச்சிக்கொல்லியின் மிச்சம் ஆண்டுக்கணக்கில் கொழுப்பில் தங்கும்; இரண்டுக்கும் சாறு தேவையில்லை, உதவவும் செய்யாது.

பல்லாவரம் வாசகி: பிபிஏ இல்லாத பால்புட்டி பாதுகாப்பானதா?

பால்புட்டியில் பிபிஏ கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இந்தியத் தரநிலையே சொல்கிறது. அதை விளம்பரமாக அச்சிடுவது சிறப்பல்ல. சில பொருள்களில் அதற்குப் பதிலாகச் சேர்க்கும் பிபிஎஸ்ஸும் ஹார்மோனைப் போலவே நடந்துகொள்கிறது. பாட்டி வைத்திருந்த பாலாடையைத் தேடி எடுங்கள், கழுவுவதும் எளிது.

திருவான்மியூர் வாசகர்: கீறல் விழுந்த நான்ஸ்டிக் தவாவில் தோசை சுடலாமா?

பூச்சுத் துணுக்கு வயிற்றுக்குள் போனால் அப்படியே வெளியே வந்துவிடும். வெறும் தவாவைப் புகைய விடுவதுதான் கெடுதல். இருந்தாலும் அதை ஓரம் கட்டிவிட்டு இரும்புத் தோசைக்கல்லுக்கு மாறுங்கள். தோசையும் முறுகலாக வரும்.