பெற்றோருக்கு எந்தக் குறையும் இல்லை. பிள்ளைகள் இருவருக்கும் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சிறு சுரப்பி) ஹார்மோன் குறைபாடு. இது பரம்பரையாக இருக்க முடியுமா?

முடியும். பெற்றோர் இருவரிடமும் ஒரே மரபணுவின் ஒரு பிரதி பழுதாகவும் மற்றொன்று சரியாகவும் இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பழுதான இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25%.

பல ஹார்மோன்கள் சேர்ந்து குறையும்போது, அறியப்பட்ட காரணங்களில் அதிகம் காணப்படுவது ப்ராப்1 மரபணுவின் பழுது. முதலில் வளர்ச்சி ஹார்மோன் குறைந்து உயரம் தடைபடும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனும் குறையும். பருவமடைதல் தானாகத் தொடங்காமல் போகலாம். ஏமாற்றுவது கார்டிசால்தான்; இது பிட்யூட்டரியின் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். சிறுவயதில் சரியாக இருந்துவிட்டு, பல ஆண்டுகள் கழித்தும் குறையலாம். அதனால் ஒருமுறை நார்மல் என்று வந்ததை நம்பிப் பரிசோதனையை நிறுத்தக் கூடாது. ஸ்கேனில் சுரப்பி பெரிதாகத் தெரிந்து கட்டி என்று தவறாக நினைக்கப்பட்டு, பிறகு தானே சுருங்குவதும் உண்டு.

பிட்1 என்ற மரபணு பழுதானால் வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் (தாய்ப்பால் சுரக்க உதவும் ஹார்மோன்), தைராய்டு தூண்டி மூன்றும் குறையும். கார்டிசால் பொதுவாகத் தப்பிக்கும். கழுத்தைத் திருப்ப முடியாமை, காது கேளாமை சேர்ந்திருந்தால் எல்எச்எக்ஸ்3 மரபணுவைச் சந்தேகிக்கலாம். பார்வை நரம்பு வளராதிருந்தால் ஹெஸ்எக்ஸ்1, சாக்ஸ்2, ஓடிஎக்ஸ்2 மரபணுக்களைப் பார்ப்பார்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள சாக்ஸ்3 பெரும்பாலும் ஆண் பிள்ளைகளையே பாதிக்கும்.

மரபணுப் பரிசோதனையில் பலருக்கு எதுவும் அகப்படாது; அதனால் பரம்பரை இல்லை என்று ஆகிவிடாது. எந்த மரபணுவானாலும் சிகிச்சையில் ஒரு வரிசை முக்கியம்: கார்டிசாலும் குறைவாக இருந்தால் ஹைட்ரோகார்டிசோனை (கார்டிசாலுக்கு ஈடான மருந்து) முதலில் தொடங்கி, பிறகே தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மருந்து) தர வேண்டும். மாற்றித் தந்தால் உள்ள கொஞ்ச கார்டிசாலும் வேகமாகச் செலவாகி, உயிருக்கே ஆபத்தாகலாம்.