தண்டையலின் பழைய பெட்டி மாதிரி ஒன்றை எப்படிச் செய்வது, எப்படிப் பழசாக்குவது?

கேள்வி இதுதான்: முன்னறையில் வைக்க, அந்தக் காலத்தில் ரங்கூனுக்குப் பாய்மரக் கப்பல் ஓட்டிய ஒரு தண்டையலின் பெட்டி மாதிரி ஒன்று செய்ய வேண்டும். உள்ளே கடிதம், கடல் வரைபடம், ஓலை எல்லாம் கற்பனையாக இருக்க வேண்டும். தேயிலைச் சாயம் போட்டுப் பார்த்தும், புதுக் கடதாசியில் தேத்தண்ணி கொட்டுப்பட்ட மாதிரித்தான் வருகிறதாம்.

நீங்கள் ஏ4 தாளை அப்படியே சாயத் தட்டில் அமிழ்த்தி எடுத்து வெயிலில் காய வைத்திருப்பீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். தாள் முழுக்க ஒரே மண்ணிறம் வந்திருக்கும். பழைய கடதாசி அப்படி இராது. அது எங்கே கிடந்தது, எந்தப் பக்கத்தால் ஈரம் ஏறியது, யார் எப்படி மடித்தார் என்பதெல்லாம் கறையில் தெரியும். அதனால் முதலில் கதையை முடிவு செய்யுங்கள். சாயத் தட்டைப் பிறகு எடுக்கலாம்.

"போலிப் பழம்பொருள் செய்யப் பழக்குகிறீர்களா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லி விடுகிறேன். இது விற்று ஏமாற்றுவதற்கான வழிமுறை இல்லை. பெட்டியின் அடிப்பலகையில் செய்த ஆண்டையும், கற்பனைப் பொருள் என்பதையும் சூட்டுக்கோலால் எழுதிவிட வேண்டும். மையால் எழுதினால் பிறகு ஒருவர் சுரண்டி எடுத்துவிடுவார். இதைச் செய்ய மனமில்லாதவர் மேலே வாசிக்க வேண்டாம்.

கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பர்மாவுக்குப் போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தது உண்மை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றிய பின், 1938ல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனதும் உண்மை. இப்படி உண்மை அருகில் இருப்பதால்தான் உங்கள் கற்பனை நிற்கும். ஆனால் அன்னபூரணியின் பெயரையோ உண்மையான குடும்பப் பெயர்களையோ எடுக்காதீர்கள். அந்தத் தண்டையல்மாரின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். கப்பலுக்கும் ஆளுக்கும் புதுப் பெயர் வையுங்கள்.

ஆண்டைத் தெரிவு செய்தால் மற்றதெல்லாம் அதன்படி வரும். உதாரணத்துக்கு 1929 பெப்ரவரி 4 என்று வைப்போம். அது திங்கட்கிழமை, விபவ வருடம், தை மாதம். ரங்கூனில் இருந்து "வாடைக் காற்றோடு புறப்படுகிறோம்" என்று தண்டையல் எழுதுகிறார். தையில் இது சரி. வடகிழக்கில் இருந்து வீசும் காற்று எங்கள் பக்கம் தள்ளும். அதையே ஆடி மாதத்தில் எழுதினால் பிழை. அப்போது சோளகம், பர்மாவுக்குப் போகிற காற்று. வல்வெட்டித்துறையில் வயதான ஒருவர் இதை ஒரு பார்வையில் பிடித்து விடுவார்.

முத்திரையும் அப்படித்தான். 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம், அங்கே ஒட்டியது இந்திய முத்திரை. ஆகவே ஐந்தாம் ஜோர்ஜ் தலையுள்ள, பாவித்த இந்திய முத்திரை ஒன்று தேடுங்கள், முத்திரை சேர்ப்பவர்களிடம் மலிவாகவே கிடைக்கும். குமிழ்முனைப் பேனை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவலானது, 1929 கடிதத்தில் அதன் கோடு இருக்கக் கூடாது. நாலு பக்கம் வெட்டுள்ள ஸ்க்ரூ ஆணி 1930களின் நடுவில் வந்தது. பெட்டிக்கு ஒற்றை வெட்டு ஆணிதான். கதையை 1872க்கு முன் தள்ளினால் ரூபா சதம் எழுத முடியாது, இலங்கையில் தசமக் காசு வந்தது அந்த ஆண்டில்.

எல்லாரும் சறுக்குவது எழுத்தில். கணினியில் இப்போதுள்ள எழுத்துருவில் "லை, னை, றா, னா" என்று அடித்து அச்செடுத்தால் வேலை கெட்டது. 1978ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவரும் வரை லை, னை, ணை, ளை எல்லாம் முன்னால் கொம்பு மாதிரிச் சுழி வைத்தும், றா, னா, ணா எல்லாம் காலைச் சேர்த்துச் சுழித்தும்தான் எழுதினார்கள், அச்சிட்டார்கள். அந்த வடிவத்தைப் பார்க்க வேண்டும் என்றால் 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் மலர்களும் படமாக இருக்கின்றன. பார்த்துக் கையால் எழுதுவதுதான் பாதுகாப்பு. தொகைகளைத் தமிழ் இலக்கத்திலும் எழுதலாம். இதில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. பாட்டன் பூட்டன் காலத்துக் காணி உறுதிகள் வீட்டில் இருக்கின்றன, அதில் ௩ எது ௫ எது என்று பிரித்து வாசிக்க வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு கிழமை இருந்து படித்தால் வரக்கூடிய விஷயம் இது.

இனிக் கடதாசி. பளபளப்பில்லாத, பருத்தி கலந்த தாள் நல்லது, அது இல்லாவிட்டால் சதுர மீற்றருக்கு 100 கிராம் எடையுள்ள வெள்ளைத் தாள். முதலில் மடியுங்கள். சட்டைப் பையில் வைக்கிற அளவுக்கு இரண்டு தரம் மடித்து, மடிப்பை நகத்தால் அழுத்தி, விரித்து, திரும்ப மடித்து, மடிப்புகள் சந்திக்கும் இடம் நைந்து போகும் வரை செய்யுங்கள். சாயம் அதற்குப் பிறகு. அப்போதுதான் நைந்த நார் கூடுதலாகச் சாயம் குடித்து மடிப்புக் கோடு கறுக்கும். சாயத்துக்கு அரை லீற்றர் கொதிநீரில் தேயிலைத்தூள் 4 தேக்கரண்டி, பதினைந்து நிமிடம் ஊற வைத்து வடியுங்கள். தேயிலை சிவப்பாய் ஓடும், கோப்பி மஞ்சளாய் ஓடும், இரண்டையும் கலந்தால் இயல்பாக வரும். அமிழ்த்தாமல் அகலத் தூரிகையால் பூசுங்கள். மடித்தபோது வெளிப்பக்கமாக இருக்கும் கால்வாசிக்கு இன்னொரு பூச்சுக் கொடுங்கள், கை பட்டதும் தூசு படிந்ததும் அந்தப் பக்கம்தானே.

வெள்ளக் கோட்டில்தான் பெட்டியின் உயிர் இருக்கிறது. பெட்டிக்குள் ஒரு மூலையால் கடல் தண்ணீர் ஏறியது என்பது கதை என்றால், எல்லாத் தாள்களையும், வரைபடத்தையும், துணியையும் கதையில் உள்ள வரிசைப்படியே அடுக்கி, அந்த அடுக்கின் ஒரு மூலையை மட்டும் இரண்டு விரல் ஆழச் சாயத்தில் நிறுத்தி வையுங்கள். அரை மணித்தியாலத்தில் ஈரம் மேலே ஏறும். எடுத்து அடுக்காகவே காய விடுங்கள். ஈரம் நின்ற விளிம்பில் கரைந்த சாயம் சேர்ந்து, கடும் பழுப்பில் வளைந்த கோடு விழும். எல்லாத் தாளிலும் கோடு ஒரே இடத்தில் வரும், உள்ளே போகப் போகச் சிறுக்கும். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகக் கறையாக்கினால் இது வரவே வராது, பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் மனது ஒப்பாது. பெட்டியின் உட்பலகையிலும் அதே உயரத்தில் கோடு இருக்க வேண்டும்.

பூச்சித் துளையும் அடுக்காகவே போடுங்கள். சூடாக்கிய ஊசியால் ஐந்தாறு தாளைச் சேர்த்துக் குத்தி, இடையில் தாளைச் சற்று நகர்த்தி மறுபடி குத்துங்கள். இராமபாணப் பூச்சி தின்றது என்றால் இப்படி ஊசித் துளை வராது, மேற்பரப்பு சுரண்டுப்பட்டிருக்கும். ஈரத் தாளில் பிளேட் நுனியால் இலேசாக வழித்தால் போதும்.

ஓரத்தை மெழுகுதிரியில் கருக்குவதை விட்டுவிடுங்கள். பெட்டிக்குள் இருந்த கடிதம் நாலு பக்கமும் அளவாக எரிய வழியில்லை. அதைவிட, 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த ஊர் இது. இங்கே எரிந்த கடதாசி அலங்காரம் ஆகாது.

மை சாயத்துக்குப் பிறகு. கடைப் பேனை மை தேயிலையில் கரைந்து ஓடும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்த் தூள் 20 கிராம், அன்னபேதி 10 கிராம், வேலம்பிசின் 5 கிராம் வாங்குங்கள். கடுக்காயை 200 மில்லித் தண்ணீரில் அரைவாசி வற்றும் வரை காய்ச்சி வடித்து, ஆறியபின் மற்றதைக் கரையுங்கள். எழுதும்போது வெளிறித் தெரியும், ஒரு நாளில் கறுக்கும். சாயம் போட்ட தாளில் பசை போயிருப்பதால் மை நூல் நூலாய்ப் பரவலாம். எழுதுமுன் மெல்லிய அரிசிக் கஞ்சி ஒரு பூச்சுப் பூசிக் காய விட்டால் பரவாது. கஞ்சி வாசத்துக்குப் பூச்சி வரும் என்பவர்கள் அதில் ஒரு சிட்டிகை துரிசு கலக்கலாம். அது நஞ்சு, பிள்ளைகள் தொடாத இடத்தில் வைத்து வேலை செய்யுங்கள். மாரி காலத்தில் கடதாசி வேலையே வேண்டாம், காயுமுன் பூஞ்சணம் பிடிக்கும். பங்குனிக்குப் பிறகு செய்யுங்கள்.

பெட்டிக்கு, கடைகளுக்குச் சாமான் வருகிற பைன் பலகை போதும். 12 மில்லிமீற்றர் தடிப்பு, 30 சென்ரிமீற்றர் நீளம், 20 அகலம், 12 உயரம். பைனில் துவர்ச்சத்துக் குறைவு, அதனால் இரும்புத் தண்ணீர் மட்டும் பூசினால் மங்கல் சாம்பலோடு நிற்கும். முதலில் கடுங் கடுக்காய்த் தண்ணீர் பூசிக் காய விடுங்கள். கம்பிப் பஞ்சை வினாகிரியில் மூன்று நாள் போட்டு வைத்த தண்ணீரைப் பிறகு பூசினால் கண் முன்னாலேயே கறுக்கும். அந்தப் போத்தலை இறுக்கி மூடாதீர்கள், வாயு வரும். இந்த வேலையெல்லாம் பிணைச்சல் பூட்டுமுன் முடிய வேண்டும், புளிப்பு இரும்பைத் தின்னும்.

அதன் மேல் காவி நிறம் ஒன்று, காய்ந்ததும் கை படும் இடங்களில் மட்டும் மெழுகுதிரியால் தேய்த்து, கரும்பச்சை ஒன்று. காய்ந்தபின் 120ஆம் இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்தால் மெழுகு உள்ள இடத்தில் பச்சை கழன்று காவி தெரியும். கை படும் இடம் என்றால் மூடியின் முன் விளிம்பு, நாதாங்கியைச் சுற்றி, அடி மூலைகள். மூடியின் நடுவைத் தேய்க்காதீர்கள், அங்கே ஒருவரும் கை வைப்பதில்லை.

கடைப் பிணைச்சலில் துத்தநாகப் பூச்சு இருக்கும், அதோடு கறள் பிடிக்காது. நுரை அடங்கும் வரை வினாகிரியில் போட்டுப் பூச்சைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு பாமசியில் விற்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டு 500 மில்லி, வினாகிரி 60 மில்லி, உப்பு அரை மேசைக்கரண்டி கலந்து, வெளியில் வைத்துத் தெளித்தால் சில நிமிடங்களில் கறள் எழும். கையுறை போடுங்கள், மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள், மூடி வைத்தால் போத்தல் வெடிக்கும். போதுமான கறள் வந்ததும் நல்ல தண்ணீரில் பல தரம் அலம்புங்கள். உப்பு மிஞ்சினால் எங்கள் கடற்காற்றில் கறள் நிற்காமல் ஓடி, இரண்டு வருடத்தில் பிணைச்சலே உதிரும். பித்தளைச் சாமானுக்கு மேலுள்ள வார்னிஷைத் தின்னரால் துடைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, அமோனியா நனைத்த பஞ்சோடு மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் ஓர் இரவு வைத்தால் பச்சை பூக்கும்.

ஓலை ஒன்று வைக்க விரும்பினால் சாதக ஓலைதான் அந்த ஆண்டுக்குப் பொருந்தும், கடிதப் போக்குவரத்து அப்போது கடதாசிக்கு மாறிவிட்டது. பனங் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி மூன்று விரல் அகலத்தில் வெட்டி, ஒரு லீற்றருக்கு மஞ்சள் இரண்டு தேக்கரண்டி வீதம் போட்டு அரை மணித்தியாலம் அவித்து, நிழலில் உலர்த்தி, பலகைக்கு நடுவில் பாரம் ஏற்றி ஒரு கிழமை வையுங்கள். எழுத்தாணியால் கீறும்போது நேர்க்கோட்டை அழுத்தினால் நார் வழியே ஓலை கிழியும், எழுத்தை உருட்டுங்கள். பழைய ஓலைகளில் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். விளக்குக் கரியை நல்லெண்ணெயில் குழைத்துப் பூசித் துணியால் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு நிற்கும். கிரக நிலையைப் பஞ்சாங்கம் பார்த்து எழுதுங்கள், சாத்திரம் தெரிந்தவர்கள் எடுத்ததும் கணக்குப் பார்ப்பார்கள்.

"வீட்டில் பழைய ஏடு கிடக்கிறது, அதிலிருந்து இரண்டு ஓலையை எடுத்தால் என்ன" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கவே கூடாது. வைத்தியமோ சோதிடமோ, அந்தக் கட்டில் இருந்து ஓர் ஓலை போனால் நூலே குறைப்பட்டுப் போகும். அழகுக்காக ஏட்டைப் பிரித்துச் சட்டம் போட்டு மாட்டுவதையும், நூறு வருடக் கதவை அறுத்து மேசை ஆக்குவதையும் பார்க்க வயிறு எரிகிறது. அப்படிச் செய்யாமல் இருக்கத்தான் இவ்வளவு மினக்கெட்டுப் புதிதாகச் செய்யச் சொல்கிறேன். நிலத்தில் கிண்டி எடுத்த காசும் ஓட்டுத் துண்டும் வேண்டாம், 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் இருக்கிறது. கடலாமை ஓடும் பவளப் பாறையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கரையில் ஒதுங்கிய மட்டிச் சிப்பி தாராளமாய்ப் போதும்.

வரைபடத்தில் ஆழத்தைப் பாகத்தில் (ஒரு பாகம் ஆறு அடி) எழுதுங்கள். பாக்கு விரிகுடாவுக்குள் நூறு பாகம் என்று எழுதிவிடாதீர்கள், அவ்வளவு ஆழம் அங்கே இல்லை.

கடைசியில் தேன்மெழுகு ஒரு பங்கு, தர்ப்பந்தைலம் மூன்று பங்கு. வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து உருக்குங்கள், அடுப்பை அணைத்த பிறகுதான் தைலம் ஊற்ற வேண்டும், தீப்பிடிக்கும். மரத்துக்கும் கறளுக்கும் மெல்லியதாகத் தேய்த்து, மறுநாள் துணியால் துடையுங்கள். கடதாசியில் படக் கூடாது. பெட்டியை நிலத்தில் வைக்காமல் கரையான் ஏறாத உயரத்தில் வையுங்கள்.