கெடுக்க ஒரு சுவர்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் சின்ன அளவில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். என்னிடம் ஏழு கொத்தனார்கள் இருக்கிறார்கள். கட்டட வேலையில் பெண்கள் ஏன் சித்தாளாகவே நின்றுவிடுகிறார்கள் என்று நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, போன வருஷம் இரண்டு பெண்களைப் பூச்சு வேலை பழகுவதற்காகச் சேர்த்தேன். சேர்ந்திருந்தால் பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று ஆளுக்கொரு சைட்டில் போட்டேன். ஒருவர் மூன்றாவது வாரமே நின்றுவிட்டார். இன்னொருவர் நான்கு மாதம் இருந்தார். அவ்வளவு சுத்தமான வேலை அவருக்கு. சாமான்களைக் கழுவி அடுக்குவார், கணக்கு எழுதுவார், கலவை எடுத்துக் கொடுப்பார், பூச்சு முடிந்ததும் தரையைப் பளிச்சென்று ஆக்கிவிடுவார். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேச நான் விட்டதில்லை. சாரத்தில் ஏறவிடாமல், கையில் ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் "வேற வேலை கிடைச்சிருக்கு அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்கிறார்கள் என் கொத்தனார்கள். பெண்களை இந்த வேலையில் எப்படி ஊக்கப்படுத்துவது? திரும்ப முயற்சி செய்யலாமா, வேண்டாமா?

அன்புடன்,
செ.

அன்புள்ள தம்பி,

செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள். உங்களைப் போல நேரடியாகக் கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் நானும் நேரடியாகவே சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை இரண்டாவது தடவை பேனாவோடு படித்தேன். அந்தப் பெண் நான்கு மாதத்தில் என்னென்ன செய்தார் என்று நீங்கள் எழுதியதையெல்லாம் அடிக்கோடிட்டேன். கழுவினார், அடுக்கினார், எழுதினார், எடுத்துக் கொடுத்தார், பெருக்கினார். பூசினார் என்ற சொல் கடிதத்தில் எங்குமே இல்லை. பூச்சு வேலை பழக வந்தவர் நான்கு மாதத்தில் எத்தனை மணி நேரம் கையில் கரணை, அதாவது கலவையை எடுத்துப் பூசுகிற கருவி, பிடித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். என் கணிப்பில் ஒரு முழு நாள்கூடத் தேறாது.

நீங்கள் அவரைக் கெடுதல் அண்டாமல் பார்த்துக்கொண்டீர்கள். அது உங்கள் நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் கீறல் விழாமல் யாரும் கொத்தனார் ஆனதில்லை. சாரத்தில் ஏறாதவருக்கு உத்தர மட்டத்துக்கு மேலே இருக்கும் சுவர் எப்படிப் பழகும்? அவர் வேலையை விட்டுப் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ, அந்த வேலை அவருக்கு ஒருநாளும் தரப்படவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நான் பழகிய கதையைச் சொல்கிறேன். டிப்ளமோ முடித்துவிட்டு சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது எனக்குப் படம் பார்க்கத் தெரியும், அளவு எடுக்கத் தெரியும், அவ்வளவுதான். அங்கே இருந்த வயதான மேஸ்திரி ஒருவர் இரண்டாவது வாரத்தில் என்னைக் கூப்பிட்டார். "பூசத் தெரியாம பூச்சை எப்படிம்மா செக் பண்ணுவ?" என்றார். மாடிப்படிக்குக் கீழே, பின்னால் அலமாரி வந்து மறைக்கப்போகிற ஒரு சுவரைக் காட்டினார். "இது உனக்கு. நல்லா கெடு. கெடுத்துட்டுக் கூப்பிடு."

முதல் வீச்சிலேயே கலவை முழுக்க என் காலில் விழுந்தது. தண்ணீர் அதிகம். இரண்டாவது கலவை ஒட்டியது, ஆனால் மட்டப்பலகையை இழுத்ததும் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. சுவரை நனைக்காமல் விட்டிருந்தேன், செங்கல் தண்ணீரைக் குடித்துவிட்டது. மேஸ்திரி வந்து பார்த்தார். திட்டவில்லை. கரணையின் விளிம்பால் எல்லாவற்றையும் வழித்துக் கீழே தள்ளினார். என் மணிக்கட்டைப் பார்த்து, "வீசறப்ப கை திரும்பணும், தோள் இல்ல" என்றார். அப்புறம் போய்விட்டார். அந்தச் சுவரை நான் ஐந்து தடவை பூசினேன். ஆறாவது தடவை, கனம் பார்க்க வைத்த புள்ளிகளுக்குச் சரியாக மட்டம் நின்றது. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நூல் ஓடுவதை அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

நான் கொத்தனார் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு 14 வருஷம் சைட்டில் நின்றேன் என்றால் அந்தச் சுவர்தான் காரணம். வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் கேட்காமலே கெடுக்க ஒரு சுவர் கிடைக்கிறது. மாமாவோ சித்தப்பாவோ மதிய இடைவேளையில் கரணையைக் கையில் கொடுத்துவிடுவார். பெண்ணுக்கு அப்படிக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. சட்டியைத்தான் கொடுக்கிறார்கள். அவளும் அதைத் தலையில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் நடக்கிறாள். ஒரு நாளில் எத்தனை சட்டி கலவை போகும், எப்போது இறுகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனாலும் அவள் சித்தாள்தான்.

உலகம் முழுக்கப் பார்த்தால் இதற்கு இரண்டு முகம் இருக்கிறது. தெற்காசியாவில் பெண்கள் சைட்டுக்குள் நிறையவே இருக்கிறார்கள், சுமக்கிற வேலையில். மேற்கு நாடுகளில் அவர்கள் உள்ளே நுழைவதே பெரும்பாடு. அமெரிக்க அரசு 1978இல் தன் பணம் போகும் கட்டுமான வேலைகளில் பெண்களுக்கு ஓர் இலக்கு வைத்தது: மொத்த வேலை மணி நேரத்தில் 6.9 சதவீதம். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆகியும் அங்கே தச்சு, மின்சாரம், குழாய் போன்ற கட்டடத் தொழில்களில் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். எனக்கு அந்த விதியில் முக்கியமாகப் பட்டது ஒன்று. தலையை எண்ணவில்லை, மணி நேரத்தை எண்ணினார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். எத்தனை பெண்களைச் சேர்த்தேன் என்று கணக்கு வைக்காதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு, இன்றைக்கு இவர் கையில் கரணை எத்தனை மணி நேரம் இருந்தது என்று எழுதுங்கள். வாரக் கடைசியில் அந்த நோட்டைப் பார்த்தாலே உங்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

பெண்களால் முடியுமா என்ற கேள்வியை உங்கள் கொத்தனார்கள் எழுப்பினால், லண்டன் வாட்டர்லூ பாலத்தைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, அந்தப் பாலத்தின் வேலையில் பெண்கள் பெருமளவில் இறங்கினார்கள். 1945இல் திறப்புவிழாவில் பேசிய அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், பாலத்தைக் கட்டிய ஆண்களைப் பாராட்டினார். பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆற்றில் படகு ஓட்டுகிறவர்கள் மட்டும் அதை 'பெண்கள் பாலம்' என்று சொல்லி வந்தார்கள். வரலாற்றாய்வாளர் கிறிஸ்டின் வால் தேடியெடுத்த புகைப்படங்களுக்குப் பிறகுதான் 2015இல் அந்தப் பாலத்தின் அதிகாரபூர்வப் பதிவில் பெண்களின் உழைப்பு சேர்ந்தது. கட்டியவர்களின் பெயர்ப் பதிவேடுகூடக் கிடைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

நம் பக்கத்திலும் உதாரணம் இருக்கிறது. ஜார்க்கண்டில் கழிப்பறைகள் கட்டுவதற்கு ஆள் போதாமல் கிராமத்துப் பெண்களுக்கே கொத்து வேலை பழக்கினார்கள். அங்கே ஆண் கொத்தனாருக்கு ராஜ் மிஸ்திரி என்று பெயர். இந்தப் பெண்கள் ராணி மிஸ்திரி ஆனார்கள். கரணை கைக்கு வந்ததும் வேலையும் வந்தது.

சரி, உங்கள் கொத்தனார்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களுக்கு நீங்கள் எப்படிக் கூலி தருகிறீர்கள்? சதுர அடிக் கணக்கா? அப்படியென்றால் பக்கத்தில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒவ்வொரு அரை மணி நேரமும் அவர் கையிலிருந்து போகிற காசு. தன் பிள்ளைக்கோ மச்சானுக்கோ என்றால் அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்வார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணுக்காக ஏன் ஏற்க வேண்டும்? சட்டியைக் கொடு, ஓரமாக நில் என்பார். கற்றுக் கொடுக்கிற நாட்களுக்கு அவருக்கு நாள் கூலியாகக் கணக்குப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கற்பித்தல் என்று வைத்து அதற்குத் தனியாகக் கொடுங்கள். ஏழு பேரில் பொறுமைசாலி ஒருவர் நிச்சயம் இருப்பார், அவரைத் தேர்ந்தெடுங்கள். ஊக்கப்படுத்துவது பற்றிக் கேட்டீர்களே, முதலில் ஊக்கம் தேவைப்படுவது அந்த ஆசிரியருக்குத்தான்.

அடுத்து, இருவரைப் பிரித்துப் போட்டீர்கள் பாருங்கள், அதை இனிமேல் செய்யாதீர்கள். பேசட்டும். ஏழு ஆண்களுக்கு நடுவில் தனியாக நிற்கும் பெண் ஒரு தப்புச் செய்தால் "பொம்பளை செஞ்சா இப்படித்தான்" என்று ஆகிவிடும். இரண்டு பேர் இருந்தால் ஒருத்தி தப்புச் செய்வாள், இன்னொருத்தி சரியாகச் செய்வாள், அப்போது அது அவரவர் கைப்பழக்கம் என்று தெரிந்துவிடும். மூன்றாவது வாரம் நின்றுபோனவர் எதற்காகப் போனார் என்று நீங்கள் எழுதவில்லை. கழிப்பறை இருந்ததா? நான் முதல் சைட்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தவள். வெயிலில் தலை சுற்றும், சிறுநீர்த் தொற்று வரும். இதை எந்தப் பெண்ணும் உங்களிடம் வாய் திறந்து சொல்லமாட்டார். வேலையைத்தான் விடுவார். தாழ்ப்பாள் உள்ள கதவும் தண்ணீரும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.

சாமான்களும் அப்படித்தான். பெரிய கையுறைக்குள் சின்னக் கை இருந்தால் கரணை நழுவும். அதுகூடப் பரவாயில்லை. சாரத்தில் போடும் பாதுகாப்பு பெல்ட் தொளதொளவென்று இருந்தால், விழும்போது தோள்பட்டை வார் நழுவி ஆளே வெளியே வந்துவிடலாம். கட்டுமானத் தொழிலாளிக்குத் தரும் பாதுகாப்புச் சாமான் அவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்று அமெரிக்காவில் வெளிப்படையான விதி வந்ததே 2025 ஜனவரியில்தான். நீங்கள் விதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சின்ன அளவில் இரண்டு வாங்கி வையுங்கள். ஒல்லியான பையன்களுக்கும் ஆகும்.

பாரம் பற்றியும் கேட்பார்கள். சிமென்ட் மூட்டை 50 கிலோ இருக்கிறது என்றால் அது யாரோ வைத்த அளவு. பிரிட்டனில் இப்போது 25 கிலோ மூட்டைதான் வழக்கம். அதனால் அங்கே கட்டடம் எதுவும் பாதியில் நிற்கவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம், தள்ளுவண்டி வைக்கலாம். உங்கள் ஏழு பேரில் இடுப்பு வலி இல்லாதவர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

பிள்ளை உள்ள பெண் வந்தால் என்ன செய்வது? இந்தியாவில் 1969இல் டெல்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டுமான இடத்தில் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைப் பார்த்து மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் தொடங்கியதுதான் 'மொபைல் கிரஷஸ்' என்ற குழந்தைகள் காப்பக அமைப்பு. 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. உங்கள் சைட்டில் அவ்வளவு பேர் வரப்போவதில்லை. அதனால் உங்களால் ஆனது நேரத்தை மாற்றிக் கொடுப்பதுதான். காலையில் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர அனுமதித்தால் எத்தனையோ பேர் இந்தத் தொழிலில் நிற்பார்கள். கர்ப்பமானதும் வேலை போய்விடும் என்ற பயமும் பெரிது. வட அமெரிக்காவில் இரும்புக் கட்டுமானத் தொழிலாளர் சங்கம் 2017இல் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்புக் கொண்டுவந்தது. உயரத்தில் நின்று உத்தரம் பூட்டுகிறவர்களின் சங்கம் அது. அவர்களால் முடிந்திருக்கிறது.

கூலியை மறக்காதீர்கள். எந்த வேலை வந்தால் சித்தாள் கூலியிலிருந்து கொத்தனார் கூலிக்கு ஏறுவார் என்று சேரும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். உதாரணமாக, ஓர் அறையை மூலை மட்டம் பிசகாமல் தனியாகப் பூசி முடித்தால் மறுநாளிலிருந்து புதுக் கூலி. மட்டம் பார்க்கிற ரசமட்டத்துக்கு ஆண் பெண் தெரியாது. அது சரி என்றால் சரி.

இனி, நான்கு மாதம் இருந்த அந்தப் பெண். அவருக்குப் போன் செய்யுங்கள். திரும்பி வரச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், வீட்டில் பேசி வற்புறுத்தவும் வேண்டாம். உங்களுக்குப் பூசக் கொடுக்காமல் விட்டது என் தப்பு என்று முதலில் சொல்லுங்கள். புது வேலை அவருக்குப் பிடித்திருந்தால் வாழ்த்திவிட்டு வையுங்கள். வருகிறேன் என்றால், என்றைக்கு, எந்தச் சுவர், யார் சொல்லித் தருவார் என்று மூன்றையும் அப்போதே சொல்லிவிடுங்கள். அவர் வரும் அன்று தரை பெருக்க வேறு ஆள் இருக்கட்டும். சுவரை அவரே நனைக்கட்டும், கலவையை அவரே குழைக்கட்டும். முதல் வீச்சு காலில் விழும்போது நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அன்புடன்,
அக்கா