வைஃபை மந்தமா? கடைக்குப் போகமுன் வீட்டுச் சுவரைப் பாருங்கள்

கேள்வி: கொக்குவிலில் எங்களுடையது பழைய நாற்சார் வீடு. பைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பக்கேஜ். கொம்பனி தந்த பெட்டி முன் விறாந்தையில், வயர் உள்ளே வரும் இடத்திலேயே பூட்டியிருக்கிறது. பின் அறையில் படிக்கும் மகளுக்கு ஒன்லைன் வகுப்பு நின்று நின்றுதான் ஓடுகிறது. 15,000 ரூபாய்க்குள் நல்ல ரவுட்டர் ஒன்று சொல்லுங்கள். கடையில் ஆறு அன்டெனா உள்ள ஒன்றைக் காட்டினார்கள். வாங்கலாமா?
— ஓர் ஆசிரியை

பதில்: இன்றைக்கு வாங்க வேண்டாம், அக்கா. முதலில் காசு செலவில்லாத ஒரு சோதனை. லப்டொப்பை அந்தப் பெட்டியோடு வயரால் பொருத்தி வேகத்தைப் பாருங்கள். பகலில் ஒருமுறை, இரவு எட்டு மணிபோல இன்னொருமுறை. வயரிலேயே இருபது, முப்பதுதான் வருகிறதென்றால் எந்த ரவுட்டர் வாங்கினாலும் அது கூடப்போவதில்லை. அது கொம்பனியோடு கதைக்க வேண்டிய விசயம். வந்த அளவுகளைத் திகதி, நேரத்தோடு போனில் படமாக எடுத்து வைத்துக்கொண்டு கதையுங்கள். அதற்கு முன் பக்கேஜில் டேட்டா மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக் கடைசியில் என்னிடம் வருகிற கேள்விகளில் கனக்க இந்த வகைதான். டேட்டா முடிந்து வேகத்தைக் குறைத்திருப்பார்கள், பழி ரவுட்டரின் மேல் விழும்.

வயரில் தொண்ணூறுக்குக் கிட்ட வந்தால் கொம்பனியில் பிழையில்லை. என் சந்தேகம் உங்கள் சுவர்களில்தான். பழைய வீட்டுச் சுண்ணாம்புக்கல் சுவரின் தடிப்பு உங்களுக்குத் தெரியும். வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு தாண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, தடித்த சுவர் இரண்டு வந்தால் களைத்துவிடும். முன் விறாந்தையில் இருக்கும் பெட்டி பின் அறைக்குப் போக எத்தனை சுவர் தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இரும்பு அலுமாரி, பெரிய கண்ணாடி, பிரிட்ஜ் இவையும் வழியில் நின்றால் இன்னும் மோசம்.

நாற்சார் வீட்டில் ஒரு வசதியும் இருக்கிறது, அது நடு முற்றம். முற்றத்தைப் பார்த்த உள் விறாந்தையில், ஆள் உயரத்துக்கு மேலே ரவுட்டரை வைத்தால் அலை திறந்த வெளியைக் கடந்து எதிர்ப்பக்க அறைகளின் கதவு, யன்னல் வழியாக உள்ளே போகும். சுவரைத் துளைக்கும் வேலை பாதியாகக் குறையும். சாமியறை மூலையிலோ ரீவிக்குப் பின்னாலோ ஒளித்து வைப்பவர்கள்தான் அதிகம். பார்க்க வடிவில்லை என்பார்கள். சரி, வடிவு வேண்டுமா வகுப்பு வேண்டுமா?

பைபர் வயரை நீங்களே இழுத்து மாற்றாதீர்கள், உள்ளே இருப்பது கண்ணாடி நார். கொம்பனிப் பெட்டி இருந்த இடத்தில் இருக்கட்டும். அதிலிருந்து உள் விறாந்தைக்கு ஒரு நெட்வேர்க் வயர் இழுத்து, அங்கே புது ரவுட்டரை வையுங்கள். கேட் 5ஈ வகை வயர் 100 மீற்றர் வரை ஒரு கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தைத் தாங்கும், உங்களுக்கு இருபது மீற்றரே கூட. வயர் வாங்கும்போது நுனியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், மலிவு என்று எடுக்க வேண்டாம்.

இனி ரவுட்டர். ரவுட்டரின் அட்டைப்பெட்டியில் ‘ஏசி1200’ என்று இருப்பதுதான் உங்கள் காசுக்குப் பொருத்தம். அந்த 1200 என்பது 2.4-இல் 300, 5-இல் 867, இரண்டையும் கூட்டி மேலே உருட்டிய கணக்கு. மகளின் லப்டொப்புக்கு 1200 வராது, பயப்படவும் வேண்டாம். ‘என்300’ என்று மட்டும் போட்டிருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் இல்லை, விட்டுவிடுங்கள். அன்டெனாவின் எண்ணிக்கையைப் பார்த்து ஒருபோதும் வாங்காதீர்கள். ஒரே ஏசி1200-க்கு இரண்டு அன்டெனாவும் பூட்டலாம், ஆறும் பூட்டலாம்.

கடைக்காரர் சொல்லாத விசயம் ஒன்று இருக்கிறது. அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில், வயர் செருகும் துளைகள் ‘10/100’ என்று இருக்கிறதா, ‘கிகாபிட்’ என்று இருக்கிறதா? டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டுமே ஏசி1200தான். ஆனால் சி50-இன் துளைகள் 100-ஐத் தாண்டாது, கையில் வருவது 94 போல. சி6-இல் கிகாபிட். இன்றைய உங்கள் பக்கேஜுக்கு சி50 போதும். நாளைக்கு 300-க்கு மாறினால் அதே ரவுட்டர் தடையாக நிற்கும். வித்தியாசம் ஒன்றிரண்டாயிரம் என்றால் நான் கிகாபிட்டைத்தான் எடுப்பேன். ஏசிக்கு அடுத்த தலைமுறையான வைஃபை 6 ரவுட்டர் உங்கள் தொகைக்குள் கிடைத்தால் நல்லது, ஆனால் மகளின் லப்டொப்பிலும் வைஃபை 6 இருந்தால்தான் முழுப் பலன். டொலரோடு விலையும் ஏறி இறங்குவதால் கஸ்தூரியார் வீதிப் பக்கம் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள்.

பூட்டும்போது புது ரவுட்டரை ‘அக்சஸ் பொயின்ற்’ முறையில் போடுங்கள், அதாவது முகவரி கொடுக்கும் வேலையைக் கொம்பனிப் பெட்டியிடம் விட்டு, இது வைஃபையை மட்டும் பரப்பட்டும். இல்லாவிட்டால் கொம்பனிப் பெட்டியும் இதுவும் ஆளுக்கொரு முகவரி கொடுத்து, ஒரு வீட்டில் இரண்டு தலைவர்கள் இருக்கும் கதையாகிவிடும். பிரிண்டர் காணாமல் போவது எல்லாம் அப்போதுதான்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது தான் பாவித்த இரண்டு ரவுட்டர்களைக் கொண்டுவந்து தந்தான். ஒன்று சிம் போடுவது. இங்கே வேலை செய்யுமா, அல்லது புதிதாக வாங்க வேண்டுமா?
— பருத்தித்துறை வாசகர்

பதில்: ஐயா, கரண்டில் செருகமுன் அடாப்டரின் அடியிலுள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். ‘100–240’ என்றிருந்தால் பிளக்கின் வடிவத்தை மாற்றினால் போதும். ‘120’ மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் அந்த நிமிடமே எரிந்துவிடும். அப்படியென்றால் அதே வோல்ற் வெளியே தரும் அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கலாம்.

சிம் இல்லாதது பெரும்பாலும் உதவும், ஒரு நிபந்தனையோடு. அது மகன் அங்கே கடையில் வாங்கியதா, அங்குள்ள இணையக் கொம்பனி கொடுத்ததா என்று கேளுங்கள். கொம்பனி கொடுத்தது என்றால் அமைப்புகள் பூட்டப்பட்டிருக்கலாம்.

சிம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வட அமெரிக்க 4ஜி பான்ட் (அலைவரிசைக்குக் கொடுத்த இலக்கம்) 2, 4, 12 போன்றவற்றில் ஓடுகிறது. இங்கே பரவலாக இருப்பது 1800 மெகாஹெர்ட்ஸ், அதாவது பான்ட் 3. வீட்டு 4ஜி இணைப்புக்கு 2300 மெகாஹெர்ட்ஸ், பான்ட் 40-உம் பாவிக்கிறார்கள். அந்த ரவுட்டரின் விவரத்தில் 3, 40 இரண்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் சிம் போட்டும் பெரும்பாலும் பலனில்லை. மகனிடம் கோபிக்காதீர்கள், பாரம் தூக்கி வந்த பிள்ளை.

கேள்வி: கரண்ட் போனால் இணையமும் போகிறது. ‘8800 எம்ஏஎச்’ மினி யூபிஎஸ் வாங்கினால் எத்தனை மணித்தியாலம் தாங்கும்? மின்னலுக்கும் அது பாதுகாப்பா?
— உயர்தர மாணவன், சாவகச்சேரி

பதில்: தம்பி, அந்த 8800 எம்ஏஎச், அதாவது 8.8 அம்பியர்-மணி, உள்ளே இருக்கும் பெற்றரியின் 3.7 வோல்ற்றில் அளந்தது. ரவுட்டர் கேட்கும் 12 வோல்ற்றில் அல்ல. 8.8-ஐ 3.7-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 32 வோற்-மணி. பைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து 12 வோற் இழுத்தால், மாற்றும்போது வீணாவதையும் கழித்து, இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். பெற்றரி பழசாக அதுவும் குறையும். வாங்கும்போது உங்கள் அடாப்டரில் உள்ள வோல்ற் யூபிஎஸ்ஸிலும் அதேயாக இருக்க வேண்டும், அம்பியர் கூடினால் பரவாயில்லை. 9 வோல்ற் ரவுட்டரை 12-இல் செருகிவிட்டு என்னைத் தேடாதீர்கள்.

மின்னலுக்கு அது காவல் இல்லை. ஓர் ஐப்பசி இடியில் எங்கள் வீட்டு ரவுட்டர் போனது, பழைய செப்பு ரெலிபோன் வயர் வழியாக. பிளக்கைக் கழற்றியிருந்தோம், வயரை மறந்துவிட்டோம். கண்ணாடி நார் மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் பைபர் வீட்டிலும் அடாப்டர் வழி திறந்துதானே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் உறுமத் தொடங்கினால் அடாப்டரைக் கழற்றிவிடுங்கள், மினி யூபிஎஸ்ஸில் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

கேள்வி: கடையில் ஒரு வருட வாரண்டி என்றார்கள். ரவுட்டர் மூன்று மாதத்தில் நின்றுவிட்டது. இப்போது ‘அது நாங்கள் இறக்கிய சாமான் இல்லை’ என்கிறார்கள்.
— மானிப்பாய்

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? அதில் வாரண்டிக் காலமும் ரவுட்டரின் தொடரிலக்கமும் எழுதியிருந்தால் யார் இறக்கினார்கள் என்பது உங்கள் தலையிடி அல்ல. விற்றவர்தான் வாக்குக் கொடுத்தவர். ஒருமுறை எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977-க்கு அழையுங்கள், அல்லது பற்றுச்சீட்டின் பிரதியோடு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சீட்டில் ஒன்றும் எழுதாமல் வாயால் சொன்னதுதான் என்றால், அன்றைக்குக் கூட வந்தவரையும் அழைத்துக்கொண்டு இன்னொருமுறை கடைக்குப் போய்ப் பாருங்கள்.