எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு எடை ஏறுகிறதா? பட்டினி கிடக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. ஐந்து வருடத்துக்கு முன், வயிற்றைக் குழாய் போலச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். 118 கிலோ இருந்தவள் ஒன்றரை வருடத்தில் 76க்கு வந்தேன். கடந்த இரண்டு வருடமாக எடை மெல்ல ஏறி இப்போது 89. முன்பெல்லாம் நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், இப்போது அப்படி இல்லை. வயிறு பழையபடி பெரிதாகிவிட்டதா? ஐந்து நாள் வெறும் திரவ உணவில் இருந்தால் மறுபடி சுருங்கிவிடும் என்கிறார்கள், செய்யலாமா? இல்லை, இரண்டாவது ஆபரேஷன்தான் வழியா? டாக்டர் முகத்தில் விழிக்கவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கத்தை முதலில் பேசிவிடுவோம். எடை ஏறத் தொடங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், செக்கப்புக்குப் போவதை நிறுத்துவது. எளிதாகச் சரிசெய்யக்கூடிய காலம் அதனால் கைநழுவிப் போகிறது. உடல் பருமன் நாள்பட்ட நோய். சர்க்கரை நோயாளிக்குச் சில வருடம் கழித்து அளவு ஏறினால் சிகிச்சையை மாற்றிப் பார்க்கிறோமே தவிர, அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. உங்களுக்கும் அதே நியாயம் உண்டு. அடுத்த வாரத்துக்குள் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போக மனம் வராவிட்டால், இதே சிகிச்சை தரும் வேறு குழுவைப் பாருங்கள். பழைய ஆபரேஷன் குறிப்புகளை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள்.

உங்கள் கணக்கையும் ஒருமுறை சரியாகப் போட்டுப் பாருங்கள். 118இலிருந்து 89 என்றால் 29 கிலோ, அதாவது தொடக்க எடையில் கிட்டத்தட்ட 25 சதவீதம், இன்றும் உங்கள் உடம்பில் இல்லை. ஸ்வீடனில் நடந்த பெரிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் (வயிற்றைச் சிறு பையாக்கி நேரே சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு எடைக் குறைப்பு ஆபரேஷன்) செய்தவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக 32 சதவீதம் குறைந்தார்கள். பத்தாம் ஆண்டில் அது 25 சதவீதமாக இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது இரண்டாம் ஆண்டில் சராசரி இழப்பு 45 கிலோ, ஆறாம் ஆண்டில் 36, பன்னிரண்டாம் ஆண்டில் 35. ஆகக் குறைந்த எடையைத் தொட்டபின் கொஞ்சம் திரும்பி வருவது பரவலாக நடப்பதுதான். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் அந்தச் சராசரி அநேகமாக நகரவே இல்லை என்பதையும் கவனியுங்கள். ஏற்றம் நிற்கக்கூடியது.

சரி, வயிறு பெரிதாகிவிட்டதா? ஸ்லீவில் வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சும் குழாய் காலப்போக்கில் ஓரளவு விரிவது இயல்பு. ஆபரேஷன் ஆன முதல் மாதங்களில் நாலு வாயில் நிறைந்ததற்கு வீக்கமும் ஒரு காரணம். அந்த நிலை வாழ்நாள் முழுக்க நீடிக்க வேண்டியதில்லை, நீடித்தால் சத்துக் குறைவில்தான் போய் முடியும். குழாய் விரிந்த அளவுக்கு எடையும் ஏறும் என்று நேர்க்கணக்கும் கிடையாது.

பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடக்கிறது. எடை இறங்கும்போது உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. உடம்பு சிறிதானதால் எரிக்கும் கலோரி குறைகிறது, அதோடு அந்த உடம்புக்குக் கணக்குப்படி எரிய வேண்டியதைவிடவும் குறைத்து எரிக்கிறது. கொழுப்போடு தசையும் போயிருந்தால் இந்தச் சேமிப்பு இன்னும் கூடும். பசியைத் தூண்டும் கிரெலின் எனும் ஹார்மோன் பெருமளவு சுரக்கும் வயிற்றின் மேல்பகுதியை ஸ்லீவில் நீக்கிவிடுவதால் முதல் வருடம் பசி அடங்கியிருக்கும், அப்புறம் மெல்லத் திரும்பும். முதல் வருடத்தில் எடையை இறக்கிய அதே சாப்பாடு ஐந்தாம் வருடத்தில் எடையை ஏற்றுவது இதனால்தான். மன உறுதி குறைந்துவிட்டது என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த ஐந்து நாள் திரவ உணவு. வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். வயிற்றின் சுவர் ஐந்து நாளில் சுருங்காது. இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பகுதி நீர்தான், ஆறாம் நாள் திரும்பிவிடும். புரதம் போதாவிட்டால் தசை கரையும். இன்னொரு சிக்கலும் உண்டு: உங்கள் ஸ்லீவ் வேலை செய்வது திட உணவிடம் மட்டும்தான். திரவம் அதில் நிற்காமல் வழிந்து இறங்கிவிடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. திரவ உணவுக்கு மாறினால், உங்களிடம் இருக்கும் கருவியை நீங்களே அணைத்து வைத்தது போலத்தான்.

வாயில் போட்டதும் கரைந்து குழைகிற உணவும் திரவத்தைப் போலவே வழுக்கிக்கொண்டு போகும். பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், கேக், சாக்லேட், இனிப்பு பானம் எல்லாம் இந்த வகை. ஒரு துண்டு கோழியிறைச்சி முடிக்க முடியாமல் திணறுகிறவரால் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைச் சிரமமில்லாமல் முடிக்க முடியும். எடை ஏறிய பலரிடம் விசாரித்தால் முக்கிய வேளைகளில் உணவு குறைவாகத்தான் இருக்கும். நடுநடுவே கொறிப்பதும் குடிப்பதும்தான் கலோரியைக் கொண்டுவரும். சாப்பிடும்போதே தண்ணீர் குடித்தாலும் உணவு சீக்கிரம் இறங்கி, மறுபடி இடம் பிறந்துவிடும்.

அதனால் முதல் ஒரு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். எழுதி மட்டும் வையுங்கள்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அப்போது பசித்ததா, இல்லை சலிப்பா, கோபமா, களைப்பா. குடித்ததையும் எழுதுங்கள், முக்கியமாக அதையே. யாரிடமும் நல்ல பெயர் வாங்க எழுத வேண்டாம், உண்மையான பட்டியல்தான் டயட்டீஷியனுக்கு உதவும்.

இரண்டாம் வாரத்திலிருந்து தட்டைத் திருத்துங்கள். முதல் வாய் புரதம்: முட்டை, மீன், கோழி, பருப்பு, பனீர், சோயா, கெட்டித் தயிர், உங்களுக்கு ஒத்துக்கொள்வது எதுவோ அது. அடுத்து காய்கறி. மாவுப்பொருள் கடைசியில், இடமிருந்தால். நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். அது 60 கிராம் கோழியிறைச்சி அல்ல. 100 கிராம் சமைத்த கோழியிறைச்சியில் 30 கிராம் அளவுக்கும், ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்கும்தான் புரதம் இருக்கிறது. மெதுவாக, 20 முதல் 30 நிமிடம் எடுத்து மென்று சாப்பிடுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர். மூன்று வேளை, நடுவே திட்டமிட்ட ஒரு சிறு உணவு, அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை தரும் பயிற்சி செய்யுங்கள். நடை நல்லதுதான், ஆனால் கரைந்த தசையை நடை மட்டும் திருப்பித் தராது.

உணவைத் தாண்டியும் காரணங்கள் உண்டு, பலர் இவற்றைக் கேட்பதே இல்லை. இந்த இரண்டு வருடத்தில் புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தீர்களா? ஸ்டீராய்டு, இன்சுலின், சில சர்க்கரை மாத்திரைகள், சில மனச்சோர்வு மருந்துகள், வலிப்பு மருந்துகள், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் போன்றவை எடையை ஏற்றக்கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். தைராய்டு பார்க்க வேண்டும். உங்கள் வயதில் மாதவிடாய் மாறத் தொடங்கியிருக்கலாம், அதையும் சொல்லுங்கள். தூக்கக் குறைவும் மதுவும்கூடக் கணக்கில் வரும். இந்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு, குறிப்பாக பைபாஸில், மது வேகமாக ரத்தத்தில் ஏறும், பழக்கமாக மாறும் அபாயமும் கூடுகிறது.

ஒன்றைத் தனியாகக் கேட்கிறேன். சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து, இனிப்பு ஏதாவது சாப்பிட்டால் சரியாகிறதா? பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகமாகவும் ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சில சமயமும் இப்படி ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும். இனிப்பால் சரிசெய்தால் மறுபடி தாழும், மறுபடி சாப்பிட வேண்டிவரும், எடை ஏறும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் நொறுக்குத்தீனிப் பழக்கமாகத்தான் தெரியும்.

நிறுத்த முடியாமல் சாப்பிடுவதும், பிறகு குற்ற உணர்வில் தவிப்பதும் இருந்தால், டயட்டைவிட முதலில் தேவைப்படுவது உளவியல் உதவி.

பரிசோதனை எல்லோருக்கும் உடனே தேவைப்படாது. நிறைவு உணர்வு திடீரென்று போய்விட்டாலோ, நெஞ்செரிச்சல் வந்தாலோ எண்டோஸ்கோபியும், மருந்து குடிக்கவைத்து எடுக்கும் எக்ஸ்ரேயும் பார்ப்பார்கள். ரத்தப் பரிசோதனை மட்டும் கட்டாயம். இரண்டு மூன்று வருடத்தில் வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம்; பி12, இரும்பு, வைட்டமின் டி, கால்சியம் எல்லாம் வாழ்நாள் முழுக்கத் தேவை. எடை ஏறியவர் உடம்பிலும் சத்து குறைந்திருக்கலாம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் ஏற்றம் நிற்கவில்லை என்றால், இரண்டாவது ஆபரேஷனுக்கு முன் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். லிராகுளுடைட், செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் உதவுகின்றன. அறுவை சிகிச்சையால் போதிய பலன் கிடைக்காதவர்களிடம் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 24 வாரத்தில் லிராகுளுடைட் எடுத்தவர்கள் சராசரியாக 9 சதவீதம் அளவுக்குக் குறைந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி எடுத்தவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் ஏற்கெனவே சிறிய வயிறு, அதில் பசியும் அடங்கினால் புரதம் குறைந்துவிடும், கவனம் தேவை. விடாத வாந்தி வந்தால் தையமின் எனும் பி1 வற்றி மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம், ஓரிரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மருந்தை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும் என்பதையும் தெரிந்தே தொடங்குங்கள்.

ஸ்லீவை பைபாஸாக மாற்றும் இரண்டாவது ஆபரேஷன் கடும் நெஞ்செரிச்சலும் சேர்ந்து இருப்பவர்களுக்கு நல்ல வழி. எடைக்காக மட்டும் என்றால் முதல் தடவை அளவுக்குப் பலனை எதிர்பார்க்க முடியாது, சிக்கல்களும் முதல் தடவையைவிட அதிகம். எடை ஏன் ஏறியது என்று தெரியாமலே அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

76ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் இலக்கு, 89ஐத் தாண்டாமல் நிறுத்துவது. அடுத்தது நாலைந்து கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி ஆகியவற்றில் அதற்கே பலருக்கு வித்தியாசம் தெரியும். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், காலையில் எடை பாருங்கள். இனி நீங்கள் தொடும் ஆகக் குறைந்த எடையிலிருந்து மூன்று கிலோ ஏறினாலே குழுவைப் பார்ப்பது என்று இனிமேல் வைத்துக்கொள்ளுங்கள்.