வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: அமெரிக்காவில் லிபரல் யார், கன்சர்வேட்டிவ் யார்?

கேள்வி: எங்கள் ஊர் ஒட்டுக்கடையில் காலைத் தேநீருக்கு உட்காரும் நாங்கள் ஐந்தாறு பேர் சென்ற வாரம் அமெரிக்க அரசியலைப் பேசப்போய், அது வாய்ச்சண்டையில் முடிந்தது. செம்பனை லாரி ஓட்டும் என் மைத்துனர், "அங்கே கன்சர்வேட்டிவ் என்றால் பணக்காரன், துப்பாக்கி வைத்திருப்பவன், இனவாதி, லிபரல் என்றால் சாமி இல்லை என்பவன், குடும்பம் வேண்டாம் என்பவன்" என்று அடித்துச் சொல்கிறார். புலனத்தில் வரும் காணொளிகளும் அப்படியே சொல்கின்றன. உண்மை இதுதானா, ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கன்சர்வேட்டிவ் என்பதைப் பழமைவாதி என்றும் லிபரல் என்பதைத் தாராளவாதி என்றும் நாம் தமிழில் எழுதுகிறோம். எழுதும்போதே ஒருவருக்கு வசையும் மற்றவருக்குப் பாராட்டும் வழங்கிவிடுகிறோம். பழமைவாதி என்றவுடன் பிடிவாதம் பிடித்த கிழவர் ஒருவர் மனத்தில் வந்து நிற்கிறார். தாராளம் என்றாலோ கொடுக்கும் கை தெரிகிறது. அமெரிக்காவில் அச்சொற்கள் சுட்டுவது, அரசாங்கம் மக்கள் வாழ்வில் எவ்வளவு தூரம் தலையிடலாம், வரி எவ்வளவு இருக்கலாம், சமயத்திலும் குடும்பத்திலும் வழிவழி வந்த முறைகளுக்கு எவ்வளவு இடம் தரலாம் என்னும் கேள்விகளுக்கான விடைகளைத்தான்.

அங்கே கன்சர்வேட்டிவ்கள் பெரும்பாலும் குடியரசுக் கட்சியிலும், லிபரல்கள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியிலும் இருக்கிறார்கள். உங்கள் மைத்துனர் சொன்ன இரண்டு குற்றச்சாட்டுகளை, அதாவது பணத்தையும் சாமியையும், டக்ளஸ் ஆலர், கௌரவ் சூட் என்னும் இரு அரசறிவியலாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். குடியரசுக் கட்சியினரில் ஆண்டுக்கு 250,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் எத்தனை பேர் என்று அமெரிக்கர்களையே கேட்டபோது, சராசரியாக 38 விழுக்காடு என்றார்கள். உண்மையில் அவர்கள் சுமார் 2 விழுக்காடுதான். ஜனநாயகக் கட்சியினரில் கடவுளை மறுப்போரும் ஐயுறுவோரும் 29 விழுக்காடு என்றார்கள். உண்மையில் அது 9 விழுக்காட்டை ஒட்டியது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி அங்கிருப்பவர்களே இப்படித் தவறும்போது, சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு உங்கள் மைத்துனர் தவறியதில் வியப்பில்லை. ஜனநாயகக் கட்சிக்குத் தலைமுறைகளாக உறுதியாக வாக்களித்துவரும் கறுப்பின மக்கள் அந்நாட்டிலேயே மிகுந்த தேவாலயப் பற்று உள்ளவர்கள். அக்கட்சியின் சார்பில் நாட்டின் அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர், பதவி விட்டிறங்கிய பிறகு பல பத்தாண்டுகள் தம் சொந்த ஊரான பிளெயின்ஸில் ஞாயிறு வேதபாட வகுப்பு நடத்தினார்.

இனவாதம் என்னும் முத்திரையை அவ்வளவு எளிதாக ஒரு கட்சியின் நெற்றியில் ஒட்டிவிட முடியாது. 1964ஆம் ஆண்டின் குடியுரிமைகள் சட்டத்தில் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார் என்பது பலருக்கும் தெரியும்; ஆனால் செனட்டில் அதை ஆதரித்தவர்கள் குடியரசுக் கட்சியின் 33 பேரில் 27 பேர், ஜனநாயகக் கட்சியின் 67 பேரில் 46 பேர் என்பதும், எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் என்பதும் பலருக்குத் தெரியாது. அதன் பின்னர் தென்மாநில வெள்ளையர்கள் மெல்ல மெல்லக் குடியரசுக் கட்சிப் பக்கம் நகர்ந்துவிட்டதால், அந்தப் பழைய கணக்கை இன்றைய பதக்கமாக எவரும் அணிந்துகொள்ள முடியாது. துப்பாக்கியும் அப்படியே. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தித் திரிவதைத் தடுக்கும் கலிபோர்னியச் சட்டத்தில் 1967இல் கையெழுத்திட்ட ஆளுநர், கன்சர்வேட்டிவ்களின் நாயகனான ரொனால்டு ரீகன். துப்பாக்கியோடு வலம்வந்த கறுப்பின உரிமை இயக்கமான கறுப்புச் சிறுத்தைகளை மனத்தில் வைத்தே அச்சட்டம் வந்தது.

தலைவர்களை விட்டுவிட்டு வாக்காளர்களைப் பாருங்கள், அங்கேதான் முத்திரைகள் முழுவதும் உதிர்கின்றன. 2020இல் புளோரிடா மாநிலம் டிரம்ப்பைத் தேர்ந்தெடுத்தது. அதே நாள், அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்சச் சம்பளத்தைப் படிப்படியாக மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திட்டத்துக்கு ஏறத்தாழ 61 விழுக்காட்டினர் ஆதரவு தந்தார்கள். 2008இல் ஒபாமாவுக்கு 61 விழுக்காடு வாக்களித்த கலிபோர்னியா, அன்றே ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குத் தடை விதிக்கும் தீர்மானத்தை 52 விழுக்காட்டில் நிறைவேற்றியது. பழமையின் கோட்டை என்று பெயர்பெற்ற கான்சாஸில், மாநில அரசியலமைப்பிலிருந்து கருக்கலைப்பு உரிமையை நீக்கும் திருத்தத்தை 2022இல் 59 விழுக்காட்டினர் நிராகரித்தார்கள். லிபரல்களின் வீடு என்று நாம் நினைக்கும் கலிபோர்னியாவில்தான் 2020இல் டிரம்ப்புக்கு வேறெந்த மாநிலத்தையும்விட அதிகமாக, 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன.

இந்த விஷயத்தில் எனக்கு மனம் கொதிப்பதற்குக் காரணம் உண்டு. லயத்து வீட்டில் பிறந்து பட்டணத்துப் பள்ளிக்குப் போன முதல் வாரத்தில், "எஸ்டேட் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது, அப்பன்மார் கள்ளுக்கடையில் கிடப்பார்கள்" என்று ஓர் ஆசிரியர் எங்கள் காதுபடச் சொன்னார். என் அப்பா கள்ளைத் தொட்டதே இல்லை. விடியுமுன் திருநீறு பூசிக்கொண்டு பிரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் போவார், ரப்பர் மரம் சீவிப் பால் நிறுத்துவிட்டு வந்து, மாலையில் சங்கக் கூட்டத்தில் நிர்வாகத்தை எதிர்த்துக் குரல் நடுங்காமல் பேசுவார். அதே மனிதர், அக்கா சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டபோது ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அவரை லிபரல் என்பதா, கன்சர்வேட்டிவ் என்பதா? தோட்டத்து ஓட்டு என்றைக்கும் தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்குத்தான் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். 1974 முதல் நம் தொகுதியை வைத்திருந்த, அதே கூட்டணியின் ம.இ.கா. தலைவர் சாமிவேலு 2008இல் இங்கேதான் தோற்றார்.

கேள்வி: அப்படியானால் இரு தரப்பும் ஒன்றுதானா? செய்திகளை இன்னும் நிறையப் பார்த்தால் தெளிவு வருமா?
– அதே வாசகர்

பதில்: ஒன்றில்லை. கருக்கலைப்பு, துப்பாக்கி, குடியேற்றம், வரி ஆகியவற்றில் இரு கட்சிகளின் கொள்கைகளும் ஆழமாக வேறுபடுகின்றன. பைபிளையே அடித்தளமாகக் கொள்ளும் வெள்ளை இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் டிரம்ப்புக்கு வாக்களிப்பது கற்பனையன்று. கூட்டத்தின் போக்கு உண்மை; அதை வைத்து, எதிரே நிற்கும் ஒருவரின் சாமியையும் சம்பளத்தையும் ஊகிப்பதுதான் தவறு.

செய்தியைப் பொறுத்தவரை விடை கசப்பானது. மோர் இன் காமன் என்னும் அமைப்பு 2019இல் அமெரிக்காவில் நடத்திய ஆய்வில், செய்திகளை ஓயாமல் பார்ப்பவர்கள், எப்போதாவது பார்ப்பவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக மறு கட்சிக்காரரின் கருத்துகளைத் தவறாக மதிப்பிட்டது தெரியவந்தது. உரக்கக் கத்துகிறவனே திரையில் வருகிறான்; நிதானமாகப் பேசுகிறவனை எவரும் படம்பிடிப்பதில்லை.

ஆகவே மைத்துனருக்கு இன்னொரு காணொளியை அனுப்பாதீர்கள். நாளைக் காலைத் தேநீரின்போது புளோரிடா வாக்குச்சீட்டைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளியாக உயர்ந்தபோது அவர் என்ன நினைத்தார் என்று கேளுங்கள். கோயில் திருவிழா பழைய முறைப்படியே நடக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் அவர் சொல்லும் விடையை எனக்கு எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் அதையே பேசுவோம்.